படிகள் உண்டு, கைப்பிடி எங்கே?

– இரண்டாமாண்டு இளம் அறிவியல் (கணினி அறிவியல்) மாணவி

சோளிங்கர் மலை ஏறியவர்கள் நம் கல்லூரியில் பலர் இருப்பர். பெரிய மலைக்கு 1305 படிகள். மூச்சு வாங்கினால் ஓரமாக அமரலாம், தண்ணீர் குடிக்கலாம், குரங்குக்குப் பயந்து கைப்பையை மார்போடு அணைத்துக் கொள்ளலாம். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாய், ஆகவே அடிவாரத்துக்குப் போய் முதற்படியிலிருந்து ஏறி வா என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் அந்த மலைக்கு யார் வருவார்? ஆனால் கணினித் திரையில் கட்டப்படும் படிகளில் இந்த அநியாயம் நாள்தோறும் நடக்கிறது. நாமும் தலையைக் குனிந்துகொண்டு முதற்படிக்குத் திரும்புகிறோம்.

நான் சொல்வது, பல படிகளாகப் பிரித்துக் கேட்கப்படும் இணைய விண்ணப்பங்களை. முதல் பக்கத்தில் பெயரும் பிறந்த நாளும். ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டாம் பக்கத்தில் முகவரி. பிறகு மதிப்பெண், சான்றிதழ், வங்கிக் கணக்கு, புகைப்படம். இறுதியில் ‘சமர்ப்பி’. கணினித் துறையார் இந்த அமைப்பை ‘விசார்ட்’ என்கின்றனர், அதாவது மந்திரவாதி! 1991இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘பப்ளிஷர்’ என்ற மென்பொருளில் ‘பேஜ்விசார்ட்’ என்று வந்த பெயர், பிறகு எல்லா மென்பொருள்களுக்கும் பரவிற்று. தமிழாக்கம் செய்தவர்கள் ‘வழிகாட்டி’ என்றார்கள். மூலத்தைவிட நல்ல பெயர். பெயருக்கேற்ற நடத்தை உண்டா என்பதுதான் கேள்வி.

இது கணினித் துறை மாணவருக்கு மட்டும் உரிய செய்தி என்று தமிழ்த் துறை நண்பர்களும் வரலாற்றுத் துறை நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2020 முதல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்வதற்கே இணையவழி விண்ணப்பம்தான். நாம் எல்லாரும் ஏதோ ஒரு வழிகாட்டியின் கையைப் பிடித்தே இந்த வாசலுக்குள் வந்தவர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்வி உதவித்தொகை, அரசுத் தேர்வு, நாளை வேலை என எல்லாவற்றுக்கும் அந்த ‘அடுத்து’ பொத்தானே வாசல்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிவம் நிரப்பத் தெரிந்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இல்லை. அம்மா பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் ஒப்பந்த வேலை செய்கிறார். சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அது எந்த உதவித்தொகை, எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமன்று. ஏழு படிகள் கொண்ட படிவம். நுழைவதற்கே ஓ.டி.பி. வேண்டும். அந்த ஆறு இலக்கமோ, ஆதார் எண்ணோடு இணைத்த கைப்பேசிக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் கைப்பேசி.

இங்கேதான் சிக்கல். நம் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அம்மாவுக்குத் தேநீர் இடைவேளை காலை பத்து இருபதுக்கு, பத்து நிமிடம். ஆகவே முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். பத்து இருபதுக்கு நான் பொத்தானை அழுத்த வேண்டும். அம்மா லாக்கருக்கு ஓடிப்போய் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். திருடர்கள் திட்டமிடுவதைப் போலத் திட்டமிட்டோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எண் வந்தது, நுழைந்தேன், ஐந்து படிகள் ஏறினேன். ஆறாம் படியில் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு கேட்டார்கள். பாஸ்புத்தகத்தில் அந்த வரி அழிந்து போயிருந்தது. வங்கி அதே சாலையில்தான். ஓடிப்போய்க் கேட்டு எழுதிக்கொண்டு இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டேன். திரையில் ஒரே வரி: உங்கள் அமர்வு முடிந்துவிட்டது. ஐந்து படிகளில் எழுதிய ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. “மொதல்லேர்ந்துதான் போடணும் தங்கச்சி. ஓ.டி.பி. வாங்கு” என்றார் சென்டர் அண்ணன். அம்மாவின் அடுத்த இடைவேளை பிற்பகல் மூன்று மணிக்கு. அன்றைக்கு அது முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை, மூன்றாம் நாள் முடிந்தது. சென்டரில் மணிக்கு முப்பது ரூபாய்.

பணம் போகட்டும். முதல் நாள் இரவு அம்மா கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “நான் லேட்டா சொன்னதாலதான் போச்சா பாப்பா?” என்றார். தம்மீதே பழியைப் போட்டுக்கொண்டார்! படிவம் நிரப்பத் தவறும் ஒவ்வொரு வீட்டிலும் இதுவே நடக்கிறது. எனக்குப் படிப்பு போதாது, எனக்குக் கணினி வராது, எனக்கு விவரம் தெரியாது என்றுதான் நம் மக்கள் நினைக்கிறார்கள். படிவத்தைச் செய்தவனுக்குத்தான் விவரம் போதவில்லை என்று எவரும் நினைப்பதில்லை. இப்போது நானும் அந்தத் தொழிலைக் கற்கிறேன். ஆகவே சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “லைன் நின்னுபோச்சுன்னா, மாட்டின பார்ட்டை எல்லாமா கழட்டி எடுக்கிறோம்? நின்ன எடத்துலேர்ந்துதான ஓட்டுவோம்?” என்றார். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் தலைமுறையாய்ப் பார்த்து வரும் காட்சி அது. ஓட்டம் நிற்கலாம், பொருத்தியது பொருத்தியதுதான். கார் கதவுக்குள்ள மரியாதை என் முகவரிக்கு ஏன் இல்லை?

காரணம் தொழில்நுட்பத்தில் சிறிது உண்டு. அதை மறைக்கக் கூடாது. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ‘எச்.டி.டி.பி.’ என்ற நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. நாம் இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது, முதல் பக்கத்தைக் கேட்டவர் இவர்தான் என்று அந்த நெறிமுறைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் நாம் புதிய ஆள். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்பவர் ‘குக்கீ’ என்ற சிறு அடையாளச் சீட்டை உண்டாக்கினார். இணையக் கடையில் வாங்குபவரின் கூடையை நினைவில் வைப்பதே அதன் முதல் நோக்கம். கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் வில்லையைப் போன்றது அது. வில்லை நம்மிடம், செருப்பு அவர்களிடம். வில்லைக்குக் காலம் கடந்துவிட்டால் செருப்பையே தூக்கி எறிந்துவிடுவது என்பது அமைத்தவனின் முடிவு; நெறிமுறையின் குற்றமன்று. அமர்வு முடியலாம். எழுதியது ஏன் அழிய வேண்டும்? இரண்டும் வேறு வேறு. முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது சோம்பல்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் பழைய தாள் படிவம் போல எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொடுத்துவிட்டால் என்ன?” என்றார். நியாயமான கேள்வி. தாளில் ஒரு சுதந்திரம் இருந்தது. நான்கு பக்கத்தையும் புரட்டி, என்னென்ன கேட்கிறார்கள் என்று முதலிலேயே பார்த்துவிடலாம். கடைசிப் பக்கத்தை முதலில் எழுதலாம். தெரியாததைப் பென்சிலால் குறித்துவிட்டு வாத்தியாரிடம் கேட்கப் போகலாம். மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தூங்கலாம். படிப்படிப் படிவம் இந்த நான்கையும் பறித்துக்கொண்டது.

ஆனாலும் நான் படிகளின் பக்கமே. என் அம்மாவைப் போன்றவர்கள் சிறிய கைப்பேசித் திரையில் எழுபது கட்டங்களை ஒன்றாகப் பார்த்தால் மலைத்துப் போவார்கள். பிரிட்டன் அரசின் ‘கவ்.யூ.கே.’ தளத்துக்குப் படிவம் அமைப்பவர்கள், முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு செய்தியைக் கேட்டுத் தொடங்குங்கள் என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். பக்கங்கள் கூடும்; ஆனால் ஒவ்வொன்றும் எளிது. தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேட வேண்டியதில்லை. உனக்குப் பொருந்தாத கேள்வியை உன்னிடம் கேட்காமலே தாண்டிப் போகலாம். கடைசியில் எல்லா விடைகளையும் ஒரே பக்கத்தில் காட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘மாற்று’ என்ற இணைப்பையும் வைக்கிறார்கள். தாளின் சுதந்திரத்தில் ஒரு பங்கு அப்படித் திரும்பி வருகிறது. தொடக்கப் பக்கத்திலேயே ‘வருமானச் சான்று எண், பாஸ்புத்தகம், இத்தனை கிலோபைட்டுக்குள் புகைப்படம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்க’ என்று நான்கு வரி எழுதினால் இன்னொரு பங்கும் வந்துவிடும். அந்த நான்கு வரி இருந்திருந்தால் நான் வங்கிக்கு முதலிலேயே போயிருப்பேன்.

பிறரைக் குறை சொல்வது எளிது. நானே ஒன்று செய்து பார்த்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். செய்முறை வகுப்புக்காக, பேருந்து இலவசப் பயண அட்டைக்கு விவரம் திரட்டும் படிவம் ஒன்றைப் பி.எச்.பி.யிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் அமைத்தேன். நான்கே படிகள்: மாணவர் விவரம், ஏறும் இடமும் வழித்தடமும், புகைப்படம், சரிபார்ப்பு. அம்மாவின் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு, எதையும் அழிய விடக்கூடாது என்று, எழுதுவதையெல்லாம் உலாவியின் ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்ற சேமிப்பில் வைத்தேன். மின்சாரம் போய் வந்தாலும் அங்கேயே இருக்கும். பெருமையாக இருந்தது. ஆய்வகத்தில் என் தோழி ஒருத்தி பாதி நிரப்பிவிட்டு எழுந்து போனாள். அடுத்து அதே கணினியில் உட்கார்ந்தவன் திறந்ததும் அவளுடைய பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் அவன் கண்முன்னே விரிந்தன!

எனக்கு உடல் கூசிவிட்டது. வீட்டில் சொந்தக் கணினி வைத்திருப்பவனுக்கு எழுதப்பட்ட பாடப்புத்தகத்தில் இந்த ஆபத்து ஒரு வரியில் வரும். பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பும் ஊரில் அதுவே முதல் வரியாக இருக்க வேண்டும். ஆகவே மாற்றினேன். ‘அடுத்து’ அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் படியின் விடைகள் வழங்கிக்குப் போய், தரவுத்தளத்தில் ‘வரைவு’ என்ற குறியோடு ஒரு வரிசையாக அமரும். சமர்ப்பித்தால் ‘வரைவு’ என்பது ‘முடிந்தது’ என்று மாறும். அவ்வளவுதான் வேலை, அட்டவணையில் ஒரு பத்தி கூடுதல். வேறு கணினியில், வேறு நாளில் நுழைந்தாலும் நின்ற படி திறக்கும். விடை சரியா என்று உலாவியில் சோதிப்பது போதாது, வழங்கியிலும் சோதிக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். உலாவியில் வைத்த பூட்டை, கணினி தெரிந்த எவரும் திறந்துவிடலாம்.

அடுத்த பாடம், பின்னால் திரும்புவதில் வந்தது. ‘முந்தைய’ என்ற பொத்தானை வைப்பது சுலபம். ஆனால் திரும்பிப் போய் விடையை மாற்றினால்? ஒருவர் ஏறும் இடம் பிள்ளைப்பாக்கம் என்று எழுதி, அதற்குரிய வழித்தடத்தையும் தேர்ந்தார். பிறகு பின்னே போய் ஒரகடம் என்று மாற்றினார். வழித்தடம் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அட்டை வந்திருந்தால் அந்தப் பேருந்து ஒரகடம் பக்கமே போகாது. ஒரு விடையை நம்பி நிற்கும் பின்விடைகள் எவை என்று முதலிலேயே வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்விடை மாறினால் அவற்றை மட்டும் மீண்டும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் துடைத்தெறிவதும் தவறு. எதையும் தொடாமல் விடுவதும் தவறு. உதவித்தொகைப் படிவத்தில் வகுப்புப் பிரிவை மாற்றியவரின் பழைய சான்றிதழ் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

புகைப்படம் இன்னொரு தொல்லை. படத்தைத் தேர்ந்த பிறகு அதே பக்கத்தில் வேறு பிழை இருந்து பக்கம் திரும்பி வந்தால், எழுதிய சொற்களை நாம் மீண்டும் நிரப்பிக் கொடுக்கலாம்; படத்தை நிரப்ப முடியாது. பயனர் அறியாமல் அவருடைய கோப்பை எடுத்துவிடக் கூடாது என்று உலாவிகள் வைத்திருக்கும் காவல் அது, நல்ல காவல்தான். ஆகவே தேர்ந்த நொடியிலேயே படத்தைத் தனியாக ஏற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

கால வரம்பே கூடாது என்று நான் வாதாடவில்லை. ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் 2002 முதல் பயணச்சீட்டு விற்கிறார்கள். தட்கல் நேரத்தில் ஒரு படுக்கைக்கு நூறு பேர் போட்டியிடும்போது, ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அங்கே கடிகாரத்துக்குக் காரணம் உண்டு. அங்கேகூடப் பயணிகளின் பெயர், வயது முதலியவற்றை முன்னதாகவே பட்டியலாகச் சேமித்து வைக்க வசதி செய்திருக்கிறார்கள். பொதுக் கணினியில் வெளியேற மறந்துபோனவரைக் காப்பதற்கும் வரம்பு வேண்டும். ஆனால் உதவித்தொகைக்கு என்ன அவசரம்? நான் வங்கிக்குப் போய்வந்த நேரத்தில் என் இருக்கையை யார் பறித்தார்கள்? வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம் 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, இத்தகைய வரம்பு முடியுமுன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஒரே வேலையில் ஒருமுறை சொன்னதை மறுமுறை எழுத வைக்காதே என்றும் சொல்கிறது. மாற்றுத் திறனாளிகளை மனத்தில் கொண்டு எழுதிய நெறிகள் அவை. லாக்கரில் கைப்பேசி வைத்திருக்கும் தாய்க்கும் அவை பொருந்துகின்றன.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இ-சேவையில் சான்றிதழ் கேட்பவர் முதலில் ‘கேன்’ என்ற எண்ணைப் பதிவு செய்துகொள்கிறார். பெயரும் முகவரியும் அதில் அமர்ந்துவிடுகின்றன. வருமானச் சான்றோ, இருப்பிடச் சான்றோ, என்னைப் போன்றவர்களுக்குரிய முதல் பட்டதாரிச் சான்றோ, எதற்குப் போனாலும் அந்த எண்ணிலிருந்து விவரம் தானே வந்து நிற்கிறது. ஒருமுறை கேள், நினைவில் வை. இது முடியாத காரியமன்று.

இடையில் ஒரு சொந்த வருத்தம். ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் படிவங்கள் நம்மை என்ன செய்யச் சொல்கின்றன? நமக்கு இருப்பது தந்தையின் முதலெழுத்து. அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் ‘இரண்டு எழுத்துக்குக் குறையாமல்’ என்கிறது. தந்தை பெயரை முழுதாகப் போட்டால் ஏழாம் படியில் ‘மதிப்பெண் சான்றிதழோடு பெயர் பொருந்தவில்லை’ என்கிறது. முதற்படியின் பிழையை ஏழாம் படியில் சொல்லும் வழிகாட்டி, ஆற்றைக் கடந்த பிறகு ஓடத்தில் ஓட்டை என்று சொல்பவனுக்கு ஒப்பானவன். எந்தப் படியில் தவறோ அந்தப் படியிலேயே சொல்ல வேண்டும். நமக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்.

“இதையெல்லாம் செய்தால் வழங்கிக்குச் சுமை கூடும்” என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் மறுத்தான். பாதி எழுதிய விண்ணப்பம் ஒன்று, படத்தைத் தள்ளிவிட்டால், சில ஆயிரம் எழுத்துகள்; கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. தவிர, அழிந்த ஒவ்வொரு படிவமும் மீண்டும் முதலிலிருந்து நிரப்பப்படுகிறதே, அந்தச் சுமை யார் தலையில்? முப்பது நாள் தொடாத வரைவுகளை அழித்துவிடலாம். அழிக்குமுன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். இன்னொருவன், “அதற்குத்தானே பிரவுசிங் சென்டர் இருக்கிறது, காசு கொடுத்தால் அவர்களே நிரப்பித் தருவார்கள்” என்றான். அந்த அண்ணன்மார் செய்யும் உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் என் சாதி, என் வீட்டு வருமானம், என் வங்கிக் கணக்கு இவற்றையெல்லாம் வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழச் சொல்லித்தான் ஓர் உரிமையைப் பெற வேண்டுமா?

நாளை நம்மில் சிலர் ஒரகடத்திலோ சென்னையிலோ இதே வேலைக்குப் போவோம். மேலாளர், ‘அடுத்து’ பொத்தானின் நிறத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். அப்போது, நடுவில் எழுந்து போனவர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் பயண அட்டைப் படிவத்தில் இன்னும் ஒரு பிழை இருக்கிறது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் திறந்து எழுதினால், பின்னால் சேமித்தது முன்னால் சேமித்ததை விழுங்கிவிடுகிறது. கடைசியாகச் சேமித்த நேரத்தை ஒப்பிட்டுத் தடுக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். செய்து பார்த்தேன், பாதிதான் சரியாயிற்று. வழி தெரிந்த நண்பர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் கணினி ஆய்வகத்துக்கு வரலாம். சன்னல் ஓரத்து மூன்றாவது கணினியில் இருப்பேன்.